நூலக வாசகர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். நூலகர் கேட்டபோது மறுக்க மனமில்லாமல் "சரிங்க" என்று சொல்லியிருக்கலாம், நீங்களே விரும்பிப் பெயர் கொடுத்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. காவிரிப் படுகையில் எத்தனையோ வாசகர் வட்டங்கள் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் நூலக வார விழாவுக்கு மட்டும் கூடி, படம் எடுத்ததும் கலைந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொறுப்பாகச் செய்தால் ஊருக்கு நிறைய நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நூலகத்தை நடத்துவது நூலகரின் வேலை. அந்த நூலகம் ஊரில் எல்லாருக்கும் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும், சேராவிட்டால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் உங்கள் வேலை. உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவர் தன் தேவையைத் தானே சொல்லிக்கொள்வார். இதுவரை படியேறாதவருக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

எது யார் கையில் இருக்கிறது

தமிழ்நாட்டின் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நடக்கின்றன. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் நம் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இந்தச் சட்டத்தின்படி மேலே சென்னையில் பொது நூலக இயக்ககம், அதன் கீழ் மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. மாவட்ட நூலக அலுவலர்தான் ஆணைக்குழுவின் செயலாளர். மாவட்ட மைய நூலகத்திலிருந்து கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் வரை எல்லாம் அங்கிருந்துதான் நிர்வகிக்கப்படுகின்றன. கட்டட வாடகை, நாளிதழ்ச் செலவு, மின்கட்டணம் போன்றவற்றுக்கு உங்கள் கடிதம் போக வேண்டிய இடமும் அதுவே.

வாசகர் வட்டத்துக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. கேட்கலாம், பரிந்துரைக்கலாம், உதவி திரட்டலாம், மேலே எழுதலாம். இது குறைவான அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி வைத்த ஒரு கடிதம் அலுவலகத்தில் என்னவெல்லாம் செய்யும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி வண்ணம் பூசிய சின்னக் கட்டடம், பல ஊர்களில் இன்று பூட்டிக் கிடக்கிறது. அது ஊராட்சியின் பொறுப்பு. அதைப் பற்றி மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதினால் பயன் இல்லை. ஊராட்சியிலும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும்தான் கேட்க வேண்டும். எந்த நூலகம் யாருடையது என்று தெரியாமல் மனு எழுதியே பலர் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

முதல் மாதம் பேசாமல் உட்காருங்கள்

சேர்ந்த கையோடு ஆலோசனை சொல்லத் தோன்றும். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதல் மாதத்தில் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நேரங்களில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசியுங்கள். காலையில் ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள், பள்ளி விடுமுறையில் ஒரு நாள்.

காலையில் திறந்ததும் வருபவர்கள் பெரும்பாலும் நாளிதழ் படிக்கும் பெரியவர்கள். அவர்களுக்கு வேண்டியது வெளிச்சமும் முதுகு சாயும் நாற்காலியும். சாயங்காலம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். சொந்தப் புத்தகத்தைப் பையில் கொண்டுவந்து, நூலகத்தின் மேசையையும் மின்விசிறியையும் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் அதில் பாதிப் பேர். "இவங்க நம்ம புத்தகத்தையே தொடுறது இல்லையே" என்று சில உறுப்பினர்கள் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. அது குறையே இல்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கூட இல்லாத பிள்ளைக்கு அந்த மேசை பெரிய விஷயம்.

யார் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் வருகிறார்களா? நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையிலேயே கிளம்பி மதியத்துக்கு மேல் திரும்புகிறவர்களுக்கு நூலகம் திறந்திருக்கும் நேரம் பொருந்துகிறதா? ஊருக்கு வெளியே இருக்கும் தெருக்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்களா? வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? டெல்டா ஊர்களில் நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யார் வருவார்கள் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும். அந்தத் தெருவுக்குள் கால் வைக்கத் தயங்கும் பிள்ளைக்கு "அனைவரும் வரலாம்" என்ற பலகை எந்தத் தைரியத்தையும் தராது. ஒரு உறுப்பினர் போய்க் கூட்டி வந்து, உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரமும் வந்தானா என்று பார்த்தால்தான் அது மாறும்.

ரங்கநாதன் 1931-ல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கவனியுங்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. முதலாவதைப் பார்த்தால் உங்கள் நூலகத்தில் என்ன இல்லை என்று தெரியும். இரண்டாவதைப் பார்த்தால் வாங்கியதிலிருந்து யாரும் எடுக்காத புத்தகம் எது என்று தெரியும். மூன்றாவது, ஒரு புத்தகத்தைத் தேடி வந்தவர் எத்தனை நேரம் அலைகிறார் என்பதைக் காட்டும்.

நூலகரிடம் பழகுவது

இதில் தடுமாறித்தான் பல வட்டங்கள் உடைகின்றன. கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு நூலகர்தான். ஊர்ப்புற நூலகத்திலும் அப்படியே. திறப்பது, பெருக்கச் சொல்வது, புத்தகம் கொடுப்பது, பதிவேடு எழுதுவது, மாவட்ட அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரம் அனுப்புவது எல்லாம் அந்த ஒருவர் தலையில். சில இடங்களில் ஒரே நூலகர் இரண்டு நூலகங்களைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மேல் அதிகாரம் செலுத்த நமக்கு உரிமை இல்லை. அவருக்கு ஒரு கை கொடுக்கத்தான் நாம் சேர்ந்திருக்கிறோம்.

"என்ன மேடம், நேத்தி பேப்பர்தான் கிடக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பதற்கும், "பேப்பர் போடுறவர் ரெண்டு நாளா வரலையாமே மேடம், கடைத்தெருப் பக்கம்தான் போறேன், பார்த்துச் சொல்லிட்டு வரட்டுங்களா?" என்று கேட்பதற்கும் உள்ள தூரம்தான் ஒரு உறுப்பினரின் தரம். குறை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் கூட்டத்தில் வையுங்கள். நூலகருக்குத் தெரியாமல் மேலே புகார் அனுப்புவது கடைசி வழி. பணக் கையாடல், வாசகரிடம் மரியாதைக் குறைவு, சாதி பார்ப்பது போன்றவற்றில் மட்டும் தாமதிக்காமல் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நூலகரின் மேசைக்குப் பின்னால் போய் உட்காராதீர்கள். சின்ன விஷயம்தான். ஆனால் வாசகர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பதிவேடுகள்

நூலகரிடம் கேட்டு வருகைப் பதிவேட்டையும் நூல் வழங்கும் பதிவேட்டையும் மாதம் ஒருமுறை பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது, எந்த வகைப் புத்தகம் அதிகம் போனது. இந்த எண்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூடுதல் நாற்காலிக்கோ கட்டடத்துக்கோ பின்னாளில் கடிதம் எழுதும்போது இந்த நோட்டுதான் பேசும்.

யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் மட்டுமே தெரிய வேண்டியது. "உங்க வீட்டுப் பொண்ணு இந்த மாதிரிப் புத்தகம்லாம் எடுக்குதே" என்று டீக்கடையில் ஒரு உறுப்பினர் சொன்னால், அந்தப் பெண்ணோடு சேர்ந்து அந்தத் தெருவில் நான்கு பெண்கள் நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கையை மட்டும் பாருங்கள், பெயர்களைப் பார்த்தாலும் மறந்துவிடுங்கள்.

நூலக வரி

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி என்று ஒரு தொகை, அதன் கீழே நூலக வரி என்று இன்னொரு தொகை. ரூபாய்க்கு 10 காசு கணக்கு. வீட்டு வரி 300 ரூபாய் என்றால் நூலக வரி 30 ரூபாய். நகராட்சி, மாநகராட்சியில் சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள். ஊரில் வீடு வைத்திருப்பவர் எல்லாரும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி உட்பட, நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். நூலகம் அரசு நமக்குக் கொடுத்த தானம் என்ற எண்ணம் இந்த ரசீதைக் காட்டினால் போய்விடும்.

உள்ளாட்சி அமைப்பு வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். செலுத்தாமல் நிலுவை வைப்பதும் நடக்கிறது. உறுப்பினராகிய நீங்கள் செய்ய வேண்டியது இது:

1. ஊராட்சிச் செயலரிடம் நேரில், நல்லமுறையில் மூன்று விவரம் கேளுங்கள். போன நிதியாண்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு.

2. வாய்மொழியாகக் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும். "ஏன் செலுத்தவில்லை" என்று கேட்டால் பதில் வராது, "எவ்வளவு, எந்தத் தேதியில்" என்று கேட்டால் வரும்.

3. கிடைத்த விவரத்தைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. நிலுவையைச் செலுத்தக் கோரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று அன்றே பாருங்கள்.

இந்தப் பணம் மாவட்டத்தின் பொதுக் கணக்குக்குப் போகிறது, நேரே உங்கள் நூலகத்துக்கு வந்துவிடாது. "எங்க ஊர்ப் பணம் எங்க ஊருக்குத்தான்" என்று வாதம் செய்வதில் பயனில்லை. அது நியாயமும் இல்லை. வரி அதிகம் வசூலாகும் நகரத்தின் பணத்தில் வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கிராமத்து நூலகமும் நடக்க வேண்டும். நிலுவை இல்லாத ஊர் என்ற பெயரோடு ஆணைக்குழுவிடம் போய்க் கேட்பதற்கு ஒரு தெம்பு இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும்.

கடிதம் எழுதுவது

ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. இதை மட்டும் கடைப்பிடித்தால் பாதி வேலை முடிந்தது. கட்டடம், கழிவறை, கணினி, கூடுதல் நேரம் என்று எட்டு கோரிக்கை வைத்த மனு எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் கோப்பில் தூங்கும். ஒரு மாதிரி:

"ஐயா, எங்கள் கிளை நூலகத்துக்கு மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் வருகிறார்கள். நூலகத்தில் கழிவறை இருந்தும் தண்ணீர் இணைப்பு இல்லாததால் பூட்டியே இருக்கிறது. இதனால் அவர்கள் நூலகம் மூடும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். பேரூராட்சிக் குடிநீர்க் குழாய் கட்டடத்தை ஒட்டியே செல்கிறது. இணைப்புக் கொடுக்கத் தங்கள் அலுவலகத்தின் ஒப்புதல் கடிதம் தேவை என்று பேரூராட்சியில் தெரிவித்தார்கள். ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

யாருக்குச் சிரமம், ஏன் சிரமம், தீர்வு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எந்த ஒரு காரியத்தை அவர் செய்தால் போதும். நான்கும் இருக்கிறது. பேரூராட்சியில் விசாரித்துவிட்டு எழுதியதால் அலுவலருக்கும் வேலை சுலபம். தபாலில் அனுப்புவதை விட நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.

கட்டடம் போன்ற பெரிய தேவை என்றால் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. அதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். இடம் யார் பெயரில் இருக்கிறது என்ற பட்டா விவரத்தை முதலில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோயில் இடம், புறம்போக்கு என்று பின்னால் தெரியவந்தால் எல்லாம் நின்றுவிடும்.

கூட்டம்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் விவசாயம் செய்யும் உறுப்பினர்கள் கையில் கிடைக்கமாட்டார்கள். சம்பா நடவு, தை அறுவடைக் காலங்களும் அப்படித்தான். அந்த நாள்களில் கூட்டம் போட்டுவிட்டு "யாரும் வரலை" என்று சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை கிளை நூலகத்துக்கு விடுமுறை என்பதையும் மறந்துவிட வேண்டாம். முடிந்தால் நூலகம் திறந்திருக்கும் நேரத்திலேயே, வாசகர்கள் காதில் விழும்படி கூடுங்கள். யார் வந்தார்கள், என்ன முடிவானது, அதை யார் எப்போது செய்வது என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். அடுத்த கூட்டத்தில் அந்த அரைப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பணம்

நூலகத்துக்கு நன்கொடையாக 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், 5,000 ரூபாய்க்குப் பெரும் புரவலர், 10,000 ரூபாய்க்குக் கொடையாளர். ஊரில் வசதியாக இருப்பவர்களையும், திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ சம்பாதிக்கும் பிள்ளைகளையும் இதில் சேர்ப்பது உறுப்பினர் செய்யக்கூடிய நல்ல வேலை. ஆனால் அந்தப் பணம் உங்கள் கை வழியாகப் போகக் கூடாது. கொடுப்பவரையே நூலகத்துக்கு அழைத்து வாருங்கள். நூலகர் ரசீது போட்டுக் கொடுக்கட்டும். வெளியூரில் இருப்பவர் உங்கள் சொந்த எண்ணுக்குக் கூகுள் பேயில் அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எவ்வளவு நாணயமானவர் என்பது இங்கே கேள்வி கிடையாது. ரசீது இல்லாத 500 ரூபாய் போதும், ஊரில் ஒரு நல்ல முயற்சி செத்துப்போக.

விழா நடத்தினால் வரவு செலவை அடுத்த வாரமே ஒரு தாளில் எழுதி நூலகப் பலகையில் ஒட்டுங்கள். பந்தல், மைக், தேநீர் எல்லாம் சேர்த்துத்தான்.

உங்கள் உறவினர் கட்டடத்தை நூலகத்துக்கு வாடகைக்குக் கொடுக்க நினைத்தாலோ, உங்கள் தம்பி மரவேலைக்கு விலை சொல்லியிருந்தாலோ, அதைக் கூட்டத்தில் முதலில் நீங்களே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது வெளியே போய் நில்லுங்கள். நீங்கள் எழுத்தாளர் என்றால் உங்கள் கவிதைத் தொகுப்பை வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்காதீர்கள். வேண்டுமானால் இரண்டு பிரதி இலவசமாகக் கொடுங்கள். மாவட்ட ஆணைக்குழுவிலேயே இடம் கிடைத்தவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அங்கே கையெழுத்துக்குப் பின்னால் பெரிய தொகைகள் இருக்கின்றன. வரவு செலவுத் திட்டத்தைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

புத்தகங்கள்

நூலகத்துக்கு வரும் புத்தகங்களில் பெரும்பகுதி மாநில அளவில் வாங்கப்பட்டு வருகிறது. கொல்கத்தாவில் 1972-ல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியிலும் வருகிறது. உங்கள் ஊருக்குக் குறிப்பாக வேண்டியதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நெல் ரகம், மண் வளம், இறால் பண்ணை, தையல், செவிலியர் படிப்பு நுழைவு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவை. மேசையில் ஒரு வேண்டுகோள் நோட்டு வைத்து, வாசகர்கள் எழுதியதைத் திரட்டி நூலகர் வழியாக மாவட்டத்துக்கு அனுப்புங்கள்.

நன்கொடைப் புத்தகங்களில் கவனம் தேவை. வீடு மாறும்போதும் பெரியவர் காலமான பிறகும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். பழைய பாடத்திட்டப் புத்தகம், அட்டை இல்லாத வார இதழ், கரையான் அரித்த கட்டு எல்லாம் அதில் இருக்கும். கரையான் பட்ட ஒரு புத்தகம் அலமாரி முழுவதையும் கெடுத்துவிடும். வாங்கும் முன் பட்டியல் கேளுங்கள். "உங்க அப்பா சேர்த்ததுல இந்த நாப்பது புத்தகம் நம்ம நூலகத்துக்கு ரொம்பப் பயன்படும்ண்ணே, மத்ததை நீங்களே வச்சுக்குங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பழைய ஓலைச்சுவடி, கையெழுத்துப் படி ஏதேனும் கண்ணில் பட்டால் கிளை நூலக அலமாரியில் வைக்காதீர்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். அதைக் காக்கும் முறை அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள். மதம், சாதி, கட்சி, பெண்கள் எழுதிய வெளிப்படையான எழுத்து என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். "தம்பி, இதையெல்லாம் புள்ளைங்க கண்ணுல படுற மாதிரி வைக்கலாமா?" என்று பெரியவர் கேட்டால் வாதாட வேண்டாம். "எந்தப் பக்கம் உங்களுக்கு உறுத்துதுன்னு எழுதிக் கொடுங்கய்யா, நூலகர்கிட்ட சேர்த்துடறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதி வராது. எழுதி வந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நடுவில் அந்தப் புத்தகத்தை உள்ளே எடுத்து ஒளித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை, உறுப்பினருக்கும் கூட. உங்களுக்குப் பிடிக்காத கட்சித் தலைவரின் வாழ்க்கை வரலாறு அலமாரியில் இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்தவருடையதும் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடைமழைக்கு முன்

ஐப்பசி, கார்த்திகை நம் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலை நாகை, திருவாரூர் மக்கள் மறக்கமுடியாது. ஆவணி முடிவதற்குள் ஒரு நாள் நூலகருடன் சேர்ந்து கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கூரையில் எங்கே ஊறுகிறது, சன்னல் கண்ணாடி எங்கே உடைந்திருக்கிறது, மழைநீர் வடிகால் அடைத்திருக்கிறதா, மின்பலகை நனையும் இடத்தில் இருக்கிறதா. அலமாரிகளைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், இல்லையென்றால் சுவரின் ஈரம் புத்தகத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஏறும் தாழ்வான ஊர் என்றால் அலமாரியின் கடைசித் தட்டைக் காலி செய்து மேலே ஏற்றிவிடுங்கள். ஈரத்தோடு இராமபாணப் பூச்சியும் கரையானும் வரும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வைத்தாலே பெரும்பகுதி தப்பித்துவிடும்.

நனைந்துவிட்டால் வெயிலில் பரப்பாதீர்கள். தாள் சுருண்டு, அட்டை வளைந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே பழைய நாளிதழை வைத்து, தாள் நனைய நனைய மாற்றுங்கள். வழுவழுப்பான தாளில் அச்சிட்ட படப் புத்தகங்களை முதலில் பிரிக்க வேண்டும், காய்ந்தால் ஒட்டிக்கொண்டு வராது.

நூலகத்தை வெளியே கொண்டு போவது

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி நூலகம் கிளம்பியது. ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை வண்டியை வடிவமைத்துக் கொடுத்தார். புத்தகம் ஊர் ஊராகப் போனது. சாலையும் பேருந்தும் இன்று போல் இல்லாத காலத்தில் நம் மாவட்டத்தில் ஒருவர் அதைச் செய்திருக்கிறார் என்பது, "யாரும் வர்றதில்லைங்க" என்று நாம் சொல்லும்போதெல்லாம் நினைவுக்கு வர வேண்டும். இப்போது அரசின் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள், கைக்குழந்தைக்காரிகள் ஆகியோருக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். உங்கள் நூலகத்தில் யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டாவது பெயர் ஒரு கல்லூரி மாணவியுடையதாக இருக்கட்டும்.

நடந்துகொள்ளும் முறை, சுருக்கமாக

கட்சிக் கரை வேட்டியோடு நூலகக் கூட்டத்துக்கு வர வேண்டாம். வெளியே நீங்கள் எந்தக் கட்சியாகவும் இருக்கலாம். விழாவுக்கு விருந்தினரை அழைக்கும்போது ஒரு கட்சிக்காரரை மட்டும் அழைக்காதீர்கள். பதாகையில் உங்கள் படம் வேண்டாம். வட்டத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தெரு, ஒரே சாதி, எல்லாரும் ஆண்கள் என்று இருந்தால், வெளிப்படையாகச் சொல்லுங்கள், அது வாசகர் வட்டம் ஆகாது. அடுத்த கூட்டத்துக்குள் விடுபட்ட தெருவிலிருந்து இருவரையாவது சேர்த்துவிட வேண்டும். சேர்த்தபின் அவர்களைப் பேசவிட வேண்டும். நாற்காலி எடுத்துப் போடும் வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

மூன்று கூட்டத்துக்கு வர முடியவில்லை என்றால் விலகிக்கொள்ளுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. விலகும்போது கடித நகல்கள், நீங்கள் குறித்த எண்கள், ஊராட்சியிலிருந்து வந்த பதில்கள், வேண்டுகோள் நோட்டின் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு நூலகர் முன்னிலையில் அடுத்தவரிடம் கொடுங்கள். எந்த மனு எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் நிற்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.